அடிபட்ட பிறகு கண்ணால் வடிவது எல்லாம் கண்ணீர் இல்லை

கேள்வி: தம்பி இரண்டு கிழமைக்கு முன் இரவில் ஏ9 வீதியில் மாட்டோடு மோட்டார் சைக்கிளை மோதி விழுந்தான். புருவத்துக்கு மேல் எலும்பு வெடிப்பு, இமையில் தையல். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். இப்போது வலது கண்ணால் மட்டும் தண்ணீர் வடிகிறது, குனிந்தால் கூடுகிறது. சொட்டு மருந்துக்கும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை கிளினிக்கில் காட்டலாமா? (வாசகி, மாங்குளம்)

பதில்: வெள்ளிக்கிழமை வரை வேண்டாம் தங்கச்சி, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். கிளிநொச்சியோ வவுனியாவோ, எது வசதியோ அது.

கண்குழியின் கூரை எலும்பு மிக மெல்லியது, அதற்கு மேலே நேரே மூளை. அந்த எலும்பு உடைந்து மூளையின் உறையும் கிழிந்தால், மூளையைச் சுற்றியுள்ள நீர் கண்குழிக்குள் இறங்கும். மண்டை உடைந்தவர்களுக்கு அது பெரும்பாலும் மூக்காலோ காதாலோதான் வரும். கண்பக்கம் வருவது அரிது. இமையிலோ வெள்ளைவிழியை மூடும் சவ்விலோ காயம் இருந்தால்தான் வெளியே வர வழி கிடைக்கும், இல்லாவிட்டால் மேலிமை மெத்தென்று வீங்கி நிற்கும், சிலருக்கு அந்த வீக்கம் நாடியோடு சேர்ந்து துடிக்கவும் செய்யும்.

கண்ணீர்க் குழாய் அறுந்தாலும் கண் வடியும், உண்மையில் அதுதான் நாங்கள் அதிகம் காண்பது. ஆனால் குனிந்தால் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் மூளை நீராக இருக்குமோ என்று என்னைப் பயப்பட வைக்கிறது. நீர் வெளியே வரும் வழியால் கிருமி உள்ளே போனால் மூளை உறையில் அழற்சி வரும், அது உயிருக்கே ஆபத்து.

போகும்போது ஆஸ்பத்திரித் துண்டையும் ஸ்கான் படங்களையும் மறக்க வேண்டாம். மூளை நீரில் சீனி இருப்பதால், சீனி பார்க்கும் மெஷினில் வடியும் நீரைச் சோதிக்கச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள், கண்ணீரிலும் சீனி உண்டு. பீட்டா-2 ட்ரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் மூளை நீரில் இருக்கும், கண்ணீரில் இருக்காது, அதைத் தேடும் சோதனைதான் நம்பகமானது. உடைவு எங்கே என்று மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் சீ.டி. ஸ்கான் காட்டும்.

அதுவரை தலையை உயர்த்திப் படுக்கட்டும். மூக்குச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மலம் கழிக்க முக்கவும் கூடாது. கடையில் அன்டிபயோட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, வாந்தி, மாறாட்டம் எது வந்தாலும் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

அடிபட்டவுடன் தொடங்கும் கசிவு பல பேருக்கு ஒரு கிழமை ஓய்விலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் முதுகில் குழாய் வைத்து நீரை வடிய விடுவார்கள், அல்லது சத்திரசிகிச்சை செய்து கிழிசலை அடைப்பார்கள்.

இன்னொன்று, படுக்கும்போது தொண்டைக்குள் உப்புத் தண்ணீர் மாதிரி இறங்குகிறதா என்று தம்பியிடம் கேளுங்கள். ஓம் என்றால் மூக்குப் பக்கமும் கசியலாம், அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.