விட்டுவிட்ட மீன்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர் ஒருவருக்குச் சொந்தமான ஏரியில், கரையில் நின்று ஒரு நாள் முழுவதும் பாஸ் என்னும் வேட்டை மீனைப் பிடிக்க அனுமதி கிடைத்தது. என் மகளும் உடன் வந்தாள். மாலைக்குள் பதினான்கு மீன்கள் சிக்கின. எல்லாமே ஏறத்தாழ 11 அங்குலம். இடையில் உள்ளங்கையைவிடப் பெரிய புளூகில் (தட்டையான நன்னீர் மீன்) ஒன்றும் கிடைத்தது. ஒன்றைக்கூடக் கொல்லாமல் அனைத்தையும் நீரில் விட்டோம். பிடித்ததைக் கொண்டுபோய்த் தின்பவர்களைக் கண்டால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. படகு இல்லாமல், கரையிலிருந்தே பெரிய மீனைப் பிடிக்க தூண்டில் இரையாக எந்த நிற ரப்பர் புழுவைப் பயன்படுத்த வேண்டும்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

மகளோடு ஒரு பகல் முழுவதும் நீரின் ஓரத்தில் நின்றிருக்கிறீர்கள். அந்த நாளை அவள் மறக்கமாட்டாள். படகு இல்லை என்று குறைப்பட வேண்டாம். பாஸ் பெரும்பாலும் கரையோரக் களைகளையும் மூழ்கிய கிளைகளையும் ஒட்டியே இரைக்குக் காத்திருக்கும். நீர் விளிம்பிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நின்று, முதலில் கரையை ஒட்டியே வீசுங்கள். கலங்கிய நீருக்குக் கறுப்பு, தெளிந்த நீருக்குப் பச்சை. நிறத்தைப் பற்றி அதற்குமேல் பேச வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் வேறு. பாஸ் மீன்கள் எல்லாம் சிறியவை, ஒரே அளவு. புளூகில் மட்டும் பெரியது. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிவிட்டு, அவற்றைச் சேர்த்து ஒரு கணம்கூட எண்ணிப்பார்க்காமல் புழுவின் நிறத்துக்குத் தாவிவிட்டீர்கள். அந்த ஏரி பட்டினி கிடக்கிறது. பாஸ் அளவுக்கு மீறிப் பெருகியதால் புளூகில் குஞ்சுகள் விரல் நீளம் வளர்வதற்குள் தின்னப்படுகின்றன. தப்பிய சில புளூகில்கள் போட்டியின்றிப் பெரிதாக வளர்கின்றன. பாஸ்களோ தமக்கு ஏற்ற அளவில் இரை இல்லாமல், ஆண்டுகள் போனாலும் அதே 11 அங்குலத்தில் நின்றுவிடுகின்றன. ஒரு பாஸ் ஒரு பவுண்டு எடை கூட ஏறக்குறைய 10 பவுண்டு இரை வேண்டும். அந்த இரையைப் பதினான்கு வாய்கள் பங்கிட்டால் எந்த வாயும் நிறையாது.

இது என் ஊகமன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஆபர்னில் மீன் ஆய்வாளர் ஹோமர் ஸ்விங்கிள் 1930களிலிருந்து குளங்களில் மீன்களை விட்டு வளர்த்து, பின் நீரை வடித்து, உள்ளிருந்த அத்தனை மீன்களையும் எடைபோட்டுப் பார்த்தவர். இரையாகும் மீனுக்கும் வேட்டையாடும் மீனுக்கும் இடையிலான சமநிலை குறித்த அவரது ஆய்வு 1950இல் வெளிவந்தது. தனியார் ஏரிகளைப் பேணுபவர்கள் இன்றும் அந்த அடித்தளத்தின் மீதுதான் நிற்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன், இத்தகைய ஏரி ஒன்றின் உரிமையாளரான முதியவருடன் அமர்ந்து மீன்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். தலை மட்டும் பெரிதாக, அதன் பின்னால் உடல் ஒடுங்கி, வயிறு உட்குழிந்த மீன்கள். ஒன்றின் இரைப்பையைக் கீறியபோது இரண்டு தும்பி இளம்புழுக்களும் விரல் நீளப் பாஸ் குஞ்சு ஒன்றும் இருந்தன. குஞ்சின் பக்கவாட்டுக் கறுப்புக் கோடு இன்னும் கரையவில்லை. தன் இனத்தையே தின்றும் பசி ஆறாத மீன் அது. முதியவர் எதுவும் பேசாமல் அடுத்த மீனை எடுத்தார்.

நீங்கள் அருவருக்கும் மனிதர்களில் அவரும் ஒருவர். தயவுசெய்து அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுங்கள். பிடித்ததை விட்டுவிடும் வழக்கம் பாஸ் பிடிப்பவர்களிடையே பரவியது, 1972இல் பாஸ் பிடிக்கும் போட்டிகளை நடத்திவந்த ரே ஸ்காட் தம் போட்டிகளில் மீன்களை உயிருடன் திரும்ப விடச் செய்த பிறகுதான். கூட்டம் கூட்டமாக மனிதர்கள் தூண்டில் வீசும் பொது நீர்நிலைகளுக்கு அது மிக நல்ல வழக்கம். நானும் அதை மதிக்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதும் சிலரே கால்வைக்கும் தனியார் ஏரிக்கு அதே விதியைக் கொண்டுவந்து, ஏரியின் நிலையைப் பாராமல், கொல்லவில்லை என்று நெஞ்சு நிறைவது கருணையாகாது. உங்கள் மனம் அமைதியடைந்தது; மீன்கள் பசிக்குத் திரும்பின.

ஏரிக்காரரிடம் பேசுங்கள். இப்படி நெரிசலான ஏரியில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 10 முதல் 25 பவுண்டு வரை சிறிய பாஸ்களை எடுப்பது வழக்கமான பரிந்துரை. அவர் இசைந்தால் 12 அங்குலத்துக்குக் குறைந்தவற்றை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுங்கள், புளூகிலை விட்டுவிடுங்கள், தப்பித்தவறி ஒரு பெரிய பாஸ் வந்தால், அது பெரும்பாலும் பெட்டையாகவே இருக்கும், கையை நனைத்துக்கொண்டு வயிற்றைத் தாங்கிப் பிடித்து உடனே நீரில் விடுங்கள். ஒவ்வொன்றின் நீளத்தையும் எடையையும் உங்கள் மகள் ஒரு ஏட்டில் குறித்துவரட்டும்; ஏரி தேறுகிறதா என்பதை இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்த எண்களிலிருந்தே அவள் உங்களுக்குச் சொல்லிவிடுவாள். அவர் மறுத்தால் வாதிட வேண்டாம். ஏரி அவருடையது.

அன்புடன்