குடல் தடித்திருந்தால் புற்றுநோய்தானா?

கேள்வி: தானியக் கிடங்கில் எலித் தொல்லைக்காக வளர்க்கும் எங்கள் 12 வயதுப் பூனை சில மாதங்களாக மெலிந்துகொண்டே வருகிறது. அடிக்கடி வாந்தி. ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருக்கிறதாம். இன்னும் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஸ்கேனிலேயே புற்றுநோயா இல்லையா என்று தெரியாதா?

பதில்: தெரியாது. டாக்டர் சொல்வதுபோலச் செய்யுங்கள்.

பூனையின் சிறுகுடல் சுவர் சாதாரணமாக 2 முதல் 2.5 மி.மீ. வரை இருக்கும். அல்ட்ராசவுண்டில் அது கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி அடுக்கடுக்காகத் தெரியும். நாங்கள் பார்ப்பது அந்த அடுக்குகளைத்தான். ஒரே இடத்தில் சுவர் வீங்கி, அடுக்குகள் கலைந்து, ஒரே கறுப்பாகத் தெரிந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். பக்கத்து நிணநீர்க் கணுக்களும் பெருத்திருந்தால் இன்னும் வலுக்கும்.

சிக்கல் எங்கே என்றால், வயதான பூனைகளுக்கு அதிகம் வருவது மெதுவாகப் பரவும் சிறுசெல் லிம்போமா என்ற புற்றுநோய். இதில் அடுக்குகள் கலைவதில்லை. தசை அடுக்கு மட்டும் தடிக்கும். நாள்பட்ட குடல் அழற்சியிலும் அதே படம்தான் வரும். எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. சில பூனைகளுக்கு நோய் இருந்தும் ஸ்கேன் சுத்தமாக வருவதுண்டு.

கட்டியோ பெருத்த கணுவோ இருந்தால், ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசி செலுத்திச் செல்களை எடுக்கலாம். சுவர் பரவலாகத் தடித்திருந்தால் ஊசி பெரும்பாலும் போதாது; எண்டோஸ்கோப்பி மூலமோ அறுவை செய்தோ சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். அப்புறம், தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரைக்கான ரத்தப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். இந்த வயதில் மெலிவதற்கு அவையும் காரணமாகலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சதை எடுக்கும் முன் ஸ்டீராய்டு மருந்து தொடங்க வேண்டாம். வாந்தி குறையும், பூனை தெம்பாகும். ஆனால் லிம்போமா செல்களும் அடங்கிப்போய், முடிவு குழம்பிவிடும்.

சிறுசெல் லிம்போமா என்று வந்தாலும் மனம் தளராதீர்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, குளோராம்புசில் என்ற புற்றுநோய் மருந்து ஆகிய மாத்திரைகளிலேயே பல பூனைகள் 2 ஆண்டுக்கு மேலும் நன்றாக இருக்கின்றன. முடிவு வரும்வரை தீனியைக் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். பட்டினி கிடந்தால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.