பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-இல் ஐ3 ப்ராசசரை எடுத்துவிட்டு ஐ7 போட முடியுமா?

தாராளமாகப் போடலாம். மதர்போர்டையோ பவர் சப்ளையையோ மாற்ற வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மெஷினில் இருப்பது ஐ3-3220, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்றும், மகன் அதில் வீடியோ எடிட்டிங் பழகுகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ப்ராசசருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் வீட்டில் ஓடுவதும் இதே 7010தான், சின்ன கேபினெட். ஏதோ ஓர் அலுவலகம் மொத்தமாகக் கழித்துவிட்ட மெஷின்களில் ஒன்று, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. ஐ3-3220 போட்டு வந்தது, இப்போது ஐ7-3770 இருக்கிறது.

பிராண்டட் மெஷினில் ப்ராசசர் மாற்ற நினைக்கும் பலரும் போர்டில் ப்ராசசர் உட்காரும் இடமான சாக்கெட்டை மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் மெஷினில் அதன் பெயர் எல்ஜிஏ 1155. "எல்ஜிஏ 1155 போர்டு, எல்ஜிஏ 1155 ப்ராசசர், போட்டால் ஓடும்" என்று கடைக்காரரும் சொல்லிவிடுவார். ப்ராசசர் சாக்கெட்டில் உட்காரும் என்பதற்கு மட்டும்தான் அது உத்தரவாதம். அந்த ப்ராசசரை அடையாளம் கண்டு இயக்குவது பயாஸ், அதாவது மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். அசெம்பிள் செய்த மெஷினுக்குப் போர்டு கம்பெனிகள் புதிய ப்ராசசர் வரும்போதெல்லாம் பயாஸ் அப்டேட் தருவது வழக்கம். டெல், ஹெச்பி போன்றவர்கள் தாங்கள் எந்தெந்த ப்ராசசரோடு அந்த மாடலை விற்றார்களோ அதற்கு மட்டும் பயாஸ் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

உங்கள் மாடலுக்கு முந்தைய ஆப்டிபிளெக்ஸ் 790, 990 இரண்டும் இதற்குச் சரியான உதாரணம். அவற்றிலும் இதே 1155 சாக்கெட்தான். ஆனால் 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை சாண்டி பிரிட்ஜ் ப்ராசசர்கள் மட்டுமே அவற்றில் ஓடும். 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஐவி பிரிட்ஜுக்கு டெல் அவற்றில் வழி விடவில்லை. 990 வைத்திருப்பவர் ஐ7-3770 வாங்கிப் போட்டால் திரையில் ஒன்றும் வராது, அவர் ஐ7-2600 தான் தேட வேண்டும். இதைவிட ஏமாற்றுவது எல்ஜிஏ 1151. 2015-இல் வந்த ஆறாம் தலைமுறைக்கும் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் ஒன்றுதான், பின்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆனாலும் ஆப்டிபிளெக்ஸ் 7050-இல் ஐ7-7700 வரைதான், ஐ7-8700 ஓடாது.

அதனால் நான் யாருக்கும் சொல்வது இதுதான்: உங்கள் மாடலையே கம்பெனி எந்தப் பெரிய ப்ராசசரோடு விற்றது என்று பாருங்கள். அதுவரை பயமில்லாமல் போகலாம். டெல் 7010-ஐ ஐ7-3770 போட்டே விற்றிருக்கிறது. போர்டில் இருக்கும் சிப்செட் (ப்ராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்) க்யூ77 என்பதால் இரண்டாம், மூன்றாம் தலைமுறை இரண்டும் ஓடும். இணையத்தில் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். டெல் 2023-இல் இதே 7010 என்ற பெயரில் இன்னொரு மெஷினையும் வெளியிட்டது. அதன் விவரங்களைப் படித்துவிட்டு வேறு எதையாவது வாங்கிவிடக் கூடாது. கேபினெட்டில் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் என்ற அடையாள எண்ணை டெல் தளத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

சரி, முதலில் செய்ய வேண்டியது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் மகனை வழக்கம்போல வேலை செய்யச் சொல்லுங்கள். மெஷின் திணறும் நேரத்தில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா, மெமரி நிரம்பியிருக்கிறதா, சிபியு 100-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். 4 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்கும் உள்ள மெஷினில் பெரும்பாலும் முதலிரண்டும்தான் சிக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஐ7 போட்டால், வேகமான ப்ராசசர் மெதுவான டிஸ்குக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஹார்ட் டிஸ்குக்குப் பதில் அதைவிடப் பல மடங்கு வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டியும், 4 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி டிடிஆர்3 ரேமும் போடுங்கள். ஒரே ஸ்டிக்காக இல்லாமல் இரண்டாகப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் திரைக்கான வேலையும் ரேமைத்தான் நம்பியிருக்கிறது, இரண்டு ஸ்டிக் இருந்தால் ட்யூவல் சேனலில், அதாவது இரண்டு வழியாக ஒரே நேரத்தில் ஓடும். ரேம் வாங்கும்போது சர்வருக்கான ரெஜிஸ்டர்டு ரேம் வேண்டாம், விலை குறைவாகக் கிடைத்தாலும் இந்த மெஷினில் ஓடாது.

இவ்வளவும் செய்தபின் எடிட்டிங்கில் சிபியுதான் 100-இல் நிற்கிறது என்றால் ப்ராசசரை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. வீடியோ என்பதால் அப்படி நிற்கத்தான் வாய்ப்பு அதிகம். ஐ3-3220-இல் வேலை செய்யும் கோர் இரண்டுதான், ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள், அதாவது த்ரெட், நான்கு. தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ கிடையாது. 3.3 கிகாஹெர்ட்ஸோடு சரி. ஐ5-3470-இல் நான்கு கோர், 3.6 வரை ஏறும். ஐ7-3770-இல் நான்கு கோர், எட்டு த்ரெட், 3.9 வரை ஏறும். ஐ3-இலிருந்து ஐ5-க்குப் போகும்போதுதான் பெரிய தாவல். அங்கேயிருந்து ஐ7-க்குப் போவது எல்லா வேலையிலும் தெரியாது, வீடியோ எக்ஸ்போர்ட் போன்ற வேலைகளில் நன்றாகவே தெரியும். வெறும் படிப்பு, கோடிங், இணையம் என்றால் ஐ5 போதும் என்றுதான் சொல்லியிருப்பேன். எடிட்டிங் என்பதால் ஐ7 வாங்கச் சொல்கிறேன்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனமாகப் படியுங்கள். 3770டி என்றால் 45 வாட், அடிப்படை வேகமே 2.5தான். 3770கே என்பது ஓவர்கிளாக் செய்பவர்களுக்கானது (ப்ராசசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது), இந்தப் போர்டில் அதற்கு வழியில்லை, கூடுதல் காசு வீண். சர்வருக்கான ஜியான் இ3-1230 வி2 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால் விட்டுவிடுங்கள், அதற்குள் கிராபிக்ஸ் இல்லை, தனி கார்டு போடாமல் திரையில் ஒன்றும் வராது. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது மேல்மூடியில் பொறித்திருப்பதை வெளிச்சத்தில் படியுங்கள். அசல் ஐ7-3770-இல் மாடல் எண்ணோடு எஸ்ஆர்0பிகே என்ற குறியீடு இருக்கும். "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று இருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த சாம்பிள், வாங்கவே கூடாது.

ஐ3 எடுத்துக்கொள்வது 55 வாட், ஐ7 77 வாட். சின்ன கேபினெட்டில் இருக்கும் 240 வாட் சப்ளைக்கு இது ஒரு சுமையே இல்லை. கையளவே இருக்கும் அல்ட்ரா ஸ்மால் மாடல் மட்டும் விதிவிலக்கு, அதில் 65 வாட்டுக்கு மேல் போகாமல் 3770எஸ் தேடுங்கள்.

மாற்றும் வேலைக்குப் பயப்பட வேண்டாம். பழைய ப்ராசசர் இருக்கும்போதே டெல் தளத்திலிருந்து கடைசி பயாஸை ஏற்றிவிடுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதற்கு முன் அதைத் தற்காலிகமாக நிறுத்தி (சஸ்பெண்ட்) வைக்க வேண்டும். அப்புறம் மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணையுங்கள். ப்ராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகக் கட்டி) நடுவே காய்ந்து போயிருக்கும் தெர்மல் பேஸ்ட் அந்தச் சூட்டில் இளகியிருக்கும், ஹீட் சிங்க் சுலபமாக வரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், மாட்டும்போதும் அதே முறைதான். சாக்கெட்டுக்குள் இருக்கும் பின்களில் விரலோ துணியோ படவே கூடாது, ஒன்று வளைந்தாலும் போர்டு போய்விடும். ப்ராசசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தையும் ஓரத்துப் பள்ளங்களையும் பார்த்து மெதுவாக வையுங்கள், அழுத்தத் தேவையே இல்லை. பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக நடுவில் சிறிதளவு வைத்தால் போதும். டெல் ஃபேனை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியில் விற்கும் கூலர் இந்தப் போர்டின் ஃபேன் இணைப்புக்கு நேராகப் பொருந்தாது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐ7 போட்டாலும் இந்த மெஷின் விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வத் தகுதியைப் பெறாது. அதற்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நான் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருக்கிறேன். கேடன்லைவ் என்ற இலவச எடிட்டர் அதில் நன்றாக ஓடுகிறது, பழகும் பையனுக்கு அது போதும். விண்டோஸ் 11 கட்டாயம் வேண்டுமென்றால் இந்த மெஷினில் காசு போடாதீர்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து எட்டாம் தலைமுறை ஆப்டிபிளெக்ஸ் 7060 போல ஒன்றைப் பாருங்கள்.

மாட்டியதும் எஃப்2 அழுத்தி பயாஸில் ப்ராசசர் பெயரும் ரேம் அளவும் சரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட்டில் போட்டுவிட்டு வெப்பநிலையைக் கவனியுங்கள். 80 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. 90-ஐத் தாண்டினால் பேஸ்டையும் ஸ்க்ரூக்களையும் மறுபடி பாருங்கள், ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் அடைந்திருக்கும் தூசியையும் ஊதிவிடுங்கள். இந்தச் சோதனையைக் கடைக்காரர் மாற்றித் தரும் நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். பழைய ஐ3-ஐ அதுவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம். மெஷின் எழாமல் போனால் கோளாறு ப்ராசசரிலா போர்டிலா என்று அதைத் திரும்பப் போட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும்.