வாசகர் கேள்வி–பதில்: மிசானோவின் ஆரவாரமும் செப்பாங்கின் பழைய கணக்கும்

கேள்வி: 2025 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோ தளத்தில் நடந்த மோட்டோ ஜிபி மோட்டார் சைக்கிள் பந்தய வார இறுதியில், சனிக்கிழமை ஸ்பிரின்ட் ரேஸ் என்ற குறும்பந்தயத்தில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பெயின்காரர் மார்க் மார்க்கேஸ் சறுக்கி விழுந்தவுடன் அரங்கிலிருந்து பெரும் ஆரவாரம் எழுந்தது. அவர் ஓட்டியதோ இத்தாலியின் டுகாட்டி. சொந்த நாட்டு வண்டி மண்ணில் புரண்டதற்கு ஒரு கூட்டம் மகிழுமா? – கோவை வாசகர்

பதில்: அந்த ஆரவாரத்தில் ஒரு பங்கு நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மார்க்கேஸ் விழுந்ததால் முதலிடத்துக்கு வந்து அன்று வென்றவர் மார்கோ பெஸெக்கி. மிசானோவை அடுத்துள்ள ரிமினியில் பிறந்தவர். ஓட்டியது ஏப்ரிலியா, அதுவும் இத்தாலிய வண்டிதான். ஊர்ப் பிள்ளை முன்னே வந்ததற்கு ஊர் குதித்தது. ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அதே ஆண்டு ஜூனில் முஜெல்லோவில் டுகாட்டியில் ஏறி வென்ற அதே மார்க்கேஸை மேடையில் நிற்கவைத்துக் கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டிருக்காது. மிசானோவிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இருக்கும் தவுல்லியா என்ற சிற்றூர்தான் இத்தாலியின் பழைய நட்சத்திர ஓட்டுநர் வாலன்டினோ ரோஸி வளர்ந்த ஊர். ரோஸியின் நிறமான மஞ்சளை அணியும் அந்த வட்டாரத்து ரசிகர்களுக்கு மார்க்கேஸ் எந்த வண்டியில் வருகிறார் என்பது இரண்டாம் செய்தி. 2015 அக்டோபரில் மலேசியாவின் செப்பாங்கில் என்ன செய்தார் என்பதே முதல் செய்தி.

அந்தக் கதையை இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது ரோஸிக்கு வயது 36. ஒன்பது உலகப் பட்டங்களை வென்றிருந்த அவர் பத்தாவதற்காக, தமது யமாஹா அணியிலேயே இருந்த ஸ்பெயின்காரர் ஹோர்ஹே லொரென்சோவுடன் போராடிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் மார்க்கேஸ் முதலிடமும் லொரென்சோ இரண்டாமிடமும் பெற, ரோஸி நான்காவதாக வந்தார். அவருடைய முன்னிலை 18 புள்ளிகளிலிருந்து 11 ஆகக் குறைந்தது. அடுத்த வியாழக்கிழமை செப்பாங்கில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், மார்க்கேஸ் உடனிருக்கும்போதே, லொரென்சோ பட்டம் வெல்வதற்காகப் பிலிப் ஐலண்டில் மார்க்கேஸ் வேண்டுமென்றே தம்மோடு மல்லுக்கட்டிக் காலத்தை வீணடித்தார் என்று ரோஸி குற்றம் சாட்டினார். பிலிப் ஐலண்டில் கடைசிச் சுற்றில் லொரென்சோவை முந்தி அவரிடமிருந்து ஐந்து புள்ளிகளைப் பறித்தவரே மார்க்கேஸ்தான் என்பதால், அக்குற்றச்சாட்டு கணக்கின்படி தடுமாறுகிறது. ஆயினும் ரசிகர்கள் கணக்குப் பார்க்கவில்லை. தங்கள் நாயகன் சொல்லிவிட்டார் என்பதே போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் தொடங்கும் முன்பே அரங்கில் பாதிப் பேர் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

மிசானோவுக்குத் திரும்பினால், ஞாயிற்றுக்கிழமை மார்க்கேஸ் பெஸெக்கியை முந்தி வென்றார். பிறகு அரங்கின் எதிரே தமது பந்தய உடையின் மேற்பகுதியைக் கழற்றி, பார்சலோனா அணிக்காக மெஸ்ஸி 2017-இல் மட்ரிட்டில் செய்ததைப் போல, கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். சிலர் அதைத் திமிர் என்றார்கள். எனக்கோ பிடித்திருந்தது, இரண்டு நாட்கள் கூச்சலைக் கேட்டவருக்குப் பதில் சொல்லும் உரிமை உண்டு, அதிலும் வென்றபின் சொன்னால் இரட்டிப்பு உரிமை உண்டு.

கேள்வி: ஐயா, 2015-இல் அந்தப் பந்தயத்தை நான் என் மைத்துனருடன் செப்பாங் அரங்கில் உட்கார்ந்து பார்த்தேன். ரோஸி காலால் உதைத்தார் என்று அவர் இன்றும் சாதிக்கிறார். இல்லை என்று நான் மறுக்கிறேன். தீபாவளிக்குக் குடும்பம் கூடினாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும். – கிள்ளான் வாசகர், மலேசியா

பதில்: உங்கள் இருவருக்கும் பாதிப் பாதி வெற்றிதான் கிடைக்கும்.

சில சுற்றுகளாக ரோஸியும் மார்க்கேஸும் மூன்றாமிடத்துக்காக ஒருவரையொருவர் மாறி மாறி முந்திக்கொண்டிருந்தபின், ஏழாவது சுற்றில், 14ஆம் வளைவில் ரோஸி வேகத்தைக் குறைத்து, மார்க்கேஸைத் திரும்பிப் பார்த்து, வழக்கமான கோட்டைவிட்டு அவரை வெளிப்பக்கமாக நெருக்கிக்கொண்டு போனார்; இருவரும் உரசினார்கள்; மார்க்கேஸ் விழுந்தார். விழுவதற்குச் சற்று முன் ரோஸியின் இடது கால் மிதியிலிருந்து விலகியது காட்சியில் தெரிகிறது. மார்க்கேஸின் கைப்பிடி இடித்ததால் கால் நழுவியது என்றார் ரோஸி. முன் பிரேக் லிவரின் மேல் அடி விழுந்ததைத் தங்கள் வண்டியின் தரவுகள் காட்டுகின்றன என்றது மார்க்கேஸின் அப்போதைய அணியான ஹோண்டா. பந்தய இயக்குநர் மைக் வெப் தலைமையிலான குழு பல கோணக் காட்சிகளைப் பார்த்தபின், உதைத்ததற்குச் சான்று இல்லை என்றும், ஆனால் ரோஸி வேண்டுமென்றே அகலமாகச் சென்று மோதலுக்கு வழிவகுத்தார் என்றும் முடிவுசெய்து மூன்று பெனால்டி புள்ளிகளை விதித்தது. மார்க்கேஸும் ரோஸியின் வேகத்தைக் கெடுக்கத்தான் முயன்றார் என்று அக்குழு கருதியது. ஆனால் அவர் எந்த விதியையும் மீறவில்லை.

ஆகவே உதை என்பதில் உங்கள் மைத்துனர் தோற்கிறார். ரோஸி குற்றமற்றவர் என்று நீங்கள் வாதிட்டிருந்தால் நீங்களும் தோற்கிறீர்கள். கோபத்தில் இருந்த ஒருவர், உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, தம் பட்டத்தைத் தாமே ஆபத்தில் தள்ளினார் என்பதே என் வாசிப்பு. மார்க்கேஸ் சீண்டினார் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் சீண்டுவது அந்த விளையாட்டில் குற்றமில்லை. சீண்டலுக்கு மசிவதற்கு விலை உண்டு.

அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தளத்தின் ஒரு துண்டுதான் கண்ணுக்குத் தெரியும்; மிச்சத்தைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். அருகருகே அமர்ந்து ஒரே திரையில் ஒரே காட்சியைப் பார்த்த உங்கள் இருவருக்குமே இரண்டு காட்சிகள் தெரிந்தன என்றால், சர்ச்சை காலைப் பற்றியதா, அன்று அணிந்துபோன சட்டையின் நிறத்தைப் பற்றியதா என்பதை அடுத்த தீபாவளிக்கு விவாதிக்கலாம்.

கேள்வி: லொரென்சோ அந்தச் சண்டையில் கலக்கவே இல்லையே, அவரையும் ஏன் ஏசினார்கள்? – மதுரை வாசகர்

பதில்: அந்தச் சண்டையால் பயன்பெறப் போகிறவர் என்பது ஒன்று. அதைவிட, செப்பாங் மேடையில் ரோஸி மூன்றாமிடக் கோப்பையைப் பெறும்போது லொரென்சோ கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டி, ஷாம்பெயின் தெளிக்கும் சடங்குக்குக் காத்திராமல் இறங்கிப் போனது கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. பின்னர் அச்சைகைக்கு மன்னிப்புக் கேட்டார். அன்றைய பந்தயத்தை வென்ற டானி பெட்ரோசாவைப் பற்றி எவரும் பேசவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: மூன்று பெனால்டி புள்ளிகளுக்கு ரோஸியைக் கடைசி வரிசைக்குத் தள்ளியது பட்டத்தைத் திருடியதுதானே? – திருநெல்வேலி வாசகர்

பதில்: மூன்றுக்காக அல்ல, முன்பே அவர் கணக்கில் ஒன்று இருந்தது. மிசானோ தகுதிச்சுற்றில் லொரென்சோவின் வழியை மறித்ததற்காகப் பெற்றது அது. மொத்தம் நான்கு ஆனால் அடுத்த பந்தயத்தைக் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ரோஸி சர்வதேச விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் வரை சென்று இடைக்காலத் தடை கேட்டார், கிடைக்கவில்லை. அவருக்கு நியாயம் கேட்டு உலகெங்கும் லட்சக்கணக்கான ரசிகர்கள் இணைய மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம் நடந்த ஸ்பெயினின் வாலென்சியாவில், பந்தயத்துக்கு முந்தைய வியாழக்கிழமைச் செய்தியாளர் சந்திப்பையே அமைப்பாளர்கள் ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வாலென்சியாவுக்கு வரும்போது ரோஸிக்கு 312, லொரென்சோவுக்கு 305. நவம்பர் 8ஆம் தேதி லொரென்சோ வென்று 330 ஆனார். வெற்றிக்கு 25, இரண்டாமிடத்துக்கு 20, மூன்றாமிடத்துக்கு 16 என்ற கணக்கில், லொரென்சோ வென்றுவிட்டால் ரோஸிக்கு இரண்டாமிடம் மட்டுமே போதும். மூன்றாமிடம் கிடைத்தாலும் 328-இல் நின்றுவிடும். பின்வரிசையிலிருந்து புறப்பட்டவர் பாதிப் பந்தயத்துக்குள் நான்காமிடத்துக்கு வந்துவிட்டார், அது அபாரமான ஓட்டம். ஆனால் அங்கிருந்து முன்னே போன லொரென்சோ, மார்க்கேஸ், பெட்ரோசா மூவரையும் அவரால் நெருங்க முடியவில்லை. 325 புள்ளிகளுடன், ஐந்து புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தார்.

முன்வரிசையில் தொடங்கியிருந்தால் அந்த மூவரில் இருவரைத் தாண்டியிருப்பாரா? ரசிகர்கள் ‘ஆம்’ என்கிறார்கள். அன்று அந்த மூவர் ஓடிய வேகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எனினும் ரசிகர்களின் சந்தேகத்துக்கு ஓர் ஆதாரம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது: மார்க்கேஸ் பந்தயம் முழுவதும் லொரென்சோவின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தும் முந்துவதற்கு ஒருமுறைகூட உருப்படியாக முயலவில்லை, ஆனால் இறுதியில் பெட்ரோசா அவரை முந்தியதும், உடனே திருப்பி முந்தினார். பத்தாண்டுக் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றுவது செப்பாங்கைவிட இந்தக் காட்சிதான் என்று நினைக்கிறேன். தண்டனை வேறொரு நாட்டில், வேறொரு ஞாயிறில் நிறைவேறும்படி இருந்த அந்த விதிமுறையும் ஆத்திரத்தை இரண்டு வாரம் ஊறவைத்தது. செப்பாங்கிலேயே, பந்தயம் நடக்கும்போதே ஒரு தண்டனை கொடுத்திருந்தால் கூச்சல் அன்றோடு ஓய்ந்திருக்கக்கூடும். அந்தப் பெனால்டி புள்ளி முறையைப் பின்னாளில் கைவிட்டுவிட்டார்கள்.

கேள்வி: பள்ளி செல்லும் என் மகன் ரோஸியின் 46 எண் போட்ட மஞ்சள் சட்டையோடுதான் தூங்குகிறான். மார்க்கேஸ் விழுந்தால் வீட்டில் குதிக்கிறான். கண்டிக்கலாமா? – சென்னை வாசகி

பதில்: கண்டிக்கலாம் அம்மா, காரணத்தோடு கண்டியுங்கள். மேடையில் நிற்பவரைப் பார்த்து ஏசுவதை நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை. காசு கொடுத்து வந்தவர்கள் கைதட்டவும் செய்வார்கள், கூச்சலிடவும் செய்வார்கள். வண்டியிலிருந்து விழுவது அதனோடு சேர்த்தி இல்லை. மிசானோ தளத்தின் முழுப்பெயரை மகனுக்குச் சொல்லுங்கள்: மார்கோ சிமொன்செல்லி பந்தயத்தளம். அந்த வட்டாரத்தில் வளர்ந்த சிமொன்செல்லி, ரோஸியின் நெருங்கிய நண்பர். 2011 அக்டோபர் 23 அன்று அதே செப்பாங்கில், இரண்டாம் சுற்றில் விழுந்து, பின்னால் வந்த இருவரின் வண்டிகள் மோதி, 24 வயதில் இறந்தார். அந்த இருவரில் ஒருவர் ரோஸி. சிமொன்செல்லியின் பெயர் எழுதிய வாயிலின் வழியே உள்ளே வந்தவர்கள் ஒருவரின் வீழ்ச்சிக்கு ஆர்ப்பரித்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மார்க்கேஸுமே 2020 ஜூலையில் ஹெரெஸில் விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்து, நான்கு அறுவைச் சிகிச்சைகளுக்கு உள்ளானார். 2019-க்குப் பிறகு அடுத்த பட்டத்துக்கு அவர் 2025 வரை காத்திருக்க நேர்ந்தது. விழுந்தவர் எழுந்து நடப்பது தெரிந்தபின், தன் ஆள் ஓர் இடம் முன்னேறியதற்காகப் பையன் தாராளமாகக் குதிக்கட்டும்.

கேள்வி: ரோஸியும் மார்க்கேஸும் சமாதானம் ஆகவே இல்லையா? – ஈரோடு வாசகர்

பதில்: ஒருமுறை ஆனார்கள். 2016 ஜூனில் பார்சலோனாவில், வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், மோட்டோ ஜிபிக்கு அடுத்த நிலைப் பிரிவான மோட்டோ 2 ஓட்டுநர் லூயிஸ் சலோம் உயிரிழந்தார். ஞாயிறன்று மார்க்கேஸை வென்ற ரோஸி, பந்தயம் முடிந்ததும் அவரோடு கைகுலுக்கினார். 2018 ஏப்ரலில் அர்ஜென்டினாவில் மார்க்கேஸ் இடித்து ரோஸி விழுந்தபோது அது முறிந்தது. மன்னிப்புக் கேட்க யமாஹா அணியின் இடத்துக்குச் சென்ற மார்க்கேஸைத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு மிசானோவில் செய்தியாளர்கள் முன்னிலையில் மார்க்கேஸ் கையை நீட்டினார். ரோஸி குலுக்க மறுத்தார். 2021 இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். ரோஸியின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த இத்தாலியர் பன்யாயாவும் மார்க்கேஸும் 2025-இல் ஒரே டுகாட்டி அணியில் சேர்ந்து ஓட்டியதால், ரோஸியின் மஞ்சள் கொடியையும் டுகாட்டியின் சிவப்புக் கொடியையும் ஒருசேர வைத்திருக்கும் இத்தாலிய வீடுகளில் சங்கடம் கூடியிருக்கிறதே தவிர, குறையவில்லை.