சரக்கு தீர்ந்துவிட்டதா?

கேள்வி: அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்தில் பாட்டுக்குப் பாட்டு கெஸ்ட். சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டால்தான் இப்படி ஊரைக் கூட்டுவார்களோ? எங்கள் ஏரியா கானாக்காரர் ஒற்றை ஆளாக விடிய விடியப் பாடுவார்!
- வாசகர், வியாசர்பாடி

பதில்: ஒற்றை ஆளாகவா? வியாசர்பாடியில் இருந்துகொண்டு இதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? சாவு வீட்டுப் பந்தலில் உட்கார்ந்து கானா கேட்டிருக்கிறீர்களா, இல்லை யூடியூபில் மட்டும்தானா? டோலக்கு அடிக்க ஒருத்தர், பின்பாட்டுக்கு நாலு பேர், நடுராத்திரியில் தொண்டை கட்டிக்கொண்டால் மைக்கை வாங்கிக்கொள்ள இன்னொருத்தர். உங்களுக்கு ஞாபகம் இருப்பது முன்னால் நின்றவர் மட்டும்.

சரி, ஆல்பத்துக்கு வருவோம். 2024 மார்ச்சில் வந்தது, மொத்தம் 27 டிராக். மைலி சைரஸும் போஸ்ட் மலோனும் ஆளுக்கொரு ஜோடிப் பாட்டு பாடியிருக்கிறார்கள். அதில் வியாபாரக் கணக்கும் இருக்கும், விடுங்கள். டாலி பார்ட்டன், வில்லி நெல்சன் என்று, அமெரிக்கக் கிராமத்துப் பாட்டான கன்ட்ரி இசையின் இரண்டு பெருந்தலைகள் வருகிறார்களே, அவர்கள் வந்தது பேசுவதற்கு. ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். சரக்கு தீர்ந்தவர் பாடத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் பேச வைப்பாரா?

பேசுகிறவர்களில் இன்னொருவர் லிண்டா மார்ட்டெல். கன்ட்ரி இசைக்காரர்களுக்குக் கோயில் மாதிரியான கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் 1969-ல் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண். அடுத்த வருஷம் ஒரு ஆல்பம் போட்டார். அவரை ஒப்பந்தம் செய்த கம்பெனியின் பெயர் பிளான்டேஷன்! கறுப்பினத்தவரை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய பண்ணைகளுக்கு அங்கே அதுதான் பெயர். இரண்டாவது ஆல்பம் வரவே இல்லை. பின்னாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியிருக்கிறார். 82 வயதில் பியான்சே கூப்பிட்டார். 83 வயதில் கிராமி இசை விருதுக்கு முதல் பரிந்துரை. அவரைத்தான் நீங்கள் கெஸ்ட் என்கிறீர்கள். பியான்சேக்கு 2025-ல் சிறந்த ஆல்பம், சிறந்த கன்ட்ரி ஆல்பம் உட்பட மூன்று கிராமிகள் கிடைத்தன.

நம்ம ஊரிலும் இந்தக் கதை உண்டு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் தடவை மேடையேறியபோது 19 பேர். ராயபுரம் இசைவாணியின் கானா, அறிவின் ராப், பக்கத்திலேயே கிடார். யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று பிரிக்க முடியாத மேடை அது. மூன்று வருஷம் கழித்து, 'எஞ்சாய் எஞ்சாமி' ஊரெல்லாம் ஒலித்த சமயத்தில், ஒரு இசைப் பத்திரிகை அந்தப் பாட்டைக் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. வரிகளை எழுதி, பாடவும் செய்த அறிவு அந்த அட்டையில் இல்லை. பல பேர் சத்தம் போட்ட பிறகு அவருக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

அப்புறம், உங்கள் ஏரியா கானாக்காரருக்கு டோலக்கு அடிக்கிறவர் பேர் என்ன? தெரியாவிட்டால் விசாரித்து எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.