பத்ம விருதுகளால் சமூகத்துக்கு என்ன பயன்? நிறுத்திவிட்டால் என்ன?

ஒவ்வொரு ஜனவரி 25ஆம் தேதி இரவும் பட்டியலைப் பார்த்து எரிச்சல் படுகிறவர் நீங்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் சில பெயர்களைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் நிறுத்தியும் பார்த்தாயிற்று. 1977இல் ஜனதா அரசு நிறுத்தியது, 1980இல் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் தெருவில் எதுவும் மாறவில்லை.

என் அப்பா பறை அடிப்பவர். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். நாற்பது வருஷத்துக்கு மேல் சாவு, சாமி ஊர்வலம் என்று அடித்திருக்கிறார். விடிய விடிய அடித்த பிறகும் காசைக் கையில் தரமாட்டார்கள், இவர் துண்டை ஏந்த வேண்டும், மேலிருந்து போடுவார்கள். ஏழாம் வகுப்பில் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தேன். அந்த வருஷம் பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் 'கூலி' என்று எழுதினேன், கல்லூரி வரைக்கும் அதையே எழுதினேன். பறையும் வீட்டுக்குள் இருந்ததில்லை. சாக்கில் சுற்றி மாட்டுக்கொட்டகையில் தொங்கும்.

2025 பட்டியல் வந்த இரவு எல்லாச் சேனலிலும் அஜித்துக்குப் பத்மபூஷண், அஸ்வினுக்குப் பத்மஸ்ரீ என்றே ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஓடிய வரியில் 'பறையிசைக் கலைஞர் வேலு ஆசான்' என்று வந்ததை என் மகள்தான் சத்தமாக வாசித்தாள். அப்பா "நம்ம மதுரை வேலுவா?" என்று கேட்டுவிட்டு, அந்த வரி சுற்றித் திரும்பி வரும்வரை சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள் காலையில் தானாகவே கொட்டகைக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தார். வைக்கோலைக் கொளுத்தி, தோலைத் தீயில் படாமல் சுற்றிச் சுற்றிக் காட்டி, நடுநடுவே விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் கணீரென்று ஏறியதும் பேத்தியின் இடது கையில் மூங்கில் சிம்பையும் வலது கையில் பூவரசங்குச்சியையும் கொடுத்தார். எனக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை, "நீ படி" என்றுதான் சொல்வார்.

இரண்டு மாதம் கழித்து மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்கு அவரை அடிக்கக் கூப்பிட்டார்கள். மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். தலைமையாசிரியர் கவரை அவர் கையிலேயே கொடுத்தார். பழக்கத்தில் அப்பா துண்டை எடுக்கப் போய், பாதியில் நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்.

ஒரு விருதால் சாதி ஒழிந்துவிட்டதா என்று கீழே கருத்துப் பகுதியில் வந்து கேட்பீர்கள். ஒழியவில்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. சிபாரிசே நடப்பதில்லை என்றும் சொல்லவில்லை. இந்த விருதில் காசு கிடையாது. ஒரு பதக்கமும், குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழும்தான். பெயருக்கு முன்னால் பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 1995இல் சொல்லிவிட்டது. அது இல்லாவிட்டாலும் அஜித் அஜித்தான். ஆனால் இத்தனை காலம் தீட்டு என்று ஒதுக்கிய ஒரு கருவியின் பெயரை நாட்டின் பட்டியலில் பார்ப்பது என் அப்பா மாதிரி ஆட்களுக்கு வேறு விஷயம், அதை விருதே வேண்டாம் என்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். நிகழ்ச்சி நடத்திய சான்று, போட்டோ, அழைப்பிதழ் கேட்டார்கள். சாவுக்கு அடித்தவருக்கு யார் அழைப்பிதழ் அடிப்பார்கள்? மூன்று தடவை அலைந்தோம், இன்னும் முடியவில்லை. ஊர்க்காரர்களோ இப்போது கல்யாணம், கோயில் எல்லாவற்றுக்கும் கேரளாவிலிருந்து செண்டை மேளத்தை வரவழைக்கிறார்கள். அந்த மேளத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்துத் தெருவில் இருப்பவரைக் கூப்பிட மனசு வரவில்லையே என்பதுதான் ஆற்றாமை.

அதனால் சான்றை நானே உண்டாக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா ஒவ்வோர் அடியாக அடிக்க, செல்போனில் எடுக்கிறேன். சாமிச்சாட்டு, சப்பரத்து அடி, மாரடிப்பு என்று ஏழு ஆகியிருக்கிறது. மழையில் தோல் தொய்ந்துவிடும் என்கிறார், மீதியைத் தை பிறந்ததும் எடுக்க வேண்டும்.