பயிர் வட்டம்: கேட்டவையும் பதிலும்

கேள்வி: இங்கிலாந்து கோதுமை வயல்களில் ராவோடு ராவாக வட்டம் விழுகிறதே, இதை ஆரம்பித்தது யார்?

சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டக் போவர், டேவ் சோர்லி என்ற இரு நண்பர்கள். 1970களின் பிற்பகுதியில் தொடங்கி, 1991 செப்டம்பரில் ‘டுடே’ நாளிதழில் ஒப்புக்கொண்டார்கள். அந்த நாளிதழுக்காக அவர்கள் போட்ட வட்டத்தையே, மனிதரால் ஆகாது என்று சொல்லி மாட்டிக்கொண்டார் ஆய்வாளர் பாட் டெல்காடோ.

கேள்வி: பலகையால் மிதித்துப் பயிரைச் சாய்த்தார்கள் என்கிறார்களே, வெறும் பலகையால் இவ்வளவு துல்லியம் வருமா சார்?

வரும். சுமார் நாலடிப் பலகை, இரு முனையிலும் துளை, அதில் கோத்த கயிறு கையில், ஒரு கால் பலகைமேல். அதற்கு முன்னால் விளிம்பு போட வேண்டும்: ஒருவர் நடுவில் அளவு நாடாவைப் பிடித்து நிற்க, மற்றவர் நாடா தளராமல் சுற்றி, ஓரடி அகலத்துக்கு மட்டும் மிதித்து வருவார். நாடா கதிரில் சிக்கினால் ஆரம் குறையும். கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேராது. நேர்கோட்டுக்கு, தொப்பியில் தொங்கும் கம்பி வளையம் வழியே தூரத்து அடையாளத்தைக் குறிபார்த்து நடந்தார் போவர்.

கேள்வி: உள்ளே போன தடமே இல்லையே?

மருந்தடிக்கும் டிராக்டர் போக விட்ட சக்கரத் தடம் வயல் முழுக்க ஓடுகிறது. அதில் நடந்தால் ஒரு பயிரும் சாயாது. மேலிருந்து எடுத்த படங்களில் அந்த இணைகோடுகளைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: தண்டு முறியவில்லை, கணு நீண்டிருக்கிறது. மைக்ரோவேவ் கதிர் என்கிறார்களே, அண்ணா?

பச்சைத் தண்டு மிதித்தாலும் முறியாமல் மடங்கும். சாய்ந்த பயிர் மறுபடி நிமிரப் பார்க்கும்போது கணுவின் அடிப்பக்கம் நீளும். காற்றில் சாய்ந்த நெல்லிலும் இதேதான். நாலு நாள் கழித்துப் பறித்த தண்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. சோதிப்பதானால் அதே வயலில், அதே இரவில், மிதித்துச் சாய்த்த தண்டையும் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான்.

கேள்வி: சுழல்காற்று?

வானிலை ஆய்வாளர் டெரன்ஸ் மீடன் அப்படித்தான் விளக்கினார். தனி வட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி இருந்தது. 1990-இல் இங்கிலாந்தின் ஆல்டன் பார்ன்ஸ் கிராமத்தில் சாவி போன்ற கிளைகளோடு ஒரு சித்திரம் விழுந்ததும் காற்றை யார் நம்புவது?

கேள்வி: 1678-லேயே பேய் வட்டம் போட்டதாகத் துண்டுப் பிரசுரம் இருக்கிறதே?

ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஓட்ஸ் வயல். அதில் பயிர் அறுக்கப்பட்டது, சாய்க்கப்படவில்லை. வேறு கதை.